கிரெமோனாக் கோபுர மணிக்கூடு

இத்தாலியின் பலெர்மோ ரயில் நிலையத்துக்கு முன்னால் பஸ் பிந்தியது. எல்லோரும் கைபேசியில் நேரம் பார்த்தோம். நரைத்த கொண்டையும் சிவப்புக் குளிரங்கியுமாக, பொரித்த சோற்று உருண்டையைத் தின்றுகொண்டிருந்த ஒரு தமிழ் அக்கா மட்டும் பார்க்கவில்லை. மணி கேட்டேன்.

“நான் பார்க்கிறேல்லை, தம்பி. முந்தி வடக்கில, கிரெமோனாவில ஒரு வீட்டில வேலை. அங்கை மாதா கோயில் கோபுரத்தில பழங்காலத்து மணிக்கூடு. சந்திரன், ராசி எல்லாம் காட்டும். வீட்டுக்கார சினியோரா யன்னலால அதைக் காட்டித்தான் பேசுவா, சாப்பிட இவ்வளவு நேரமோ எண்டு.”

“வடிவான ஊரெண்டு சொல்லுவினம்.”

“ஓம், வடிவுதான். ஆனா என்ர சாப்பாட்டு நேரத்தை இனி ஒரு கோபுரமும் சொல்லேலாது.”

எங்கள் பஸ் வந்தது. ஏறி நின்று, வாங்கோ அக்கா என்றேன்.

“நீங்கள் போங்கோ. நான் இன்னும் சாப்பிட்டு முடியேல்லை.”

அடுத்த பஸ் எப்போது வருமென்று யாருக்கும் தெரியாத ஊர் அது. கதவு மூடும்போது அவர் அடுத்த வாய்ச் சோற்றை ஆறுதலாக மென்றுகொண்டிருந்தார்.