பெரியப்பாவின் மோட்டார் குடித்த தீர்த்தம்

எங்கள் பெரியப்பா மாட்டு வண்டிகளால் பிழைத்தவர். ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம் அது. அங்கே வந்து இறங்கும் அரிசியும் கருவாடும் எங்கள் ஊரான பதுளைக்கு வரவேண்டுமென்றால் அவருடைய மாடுகள் நடக்கவேண்டும். தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் ரயிலேற வேண்டுமென்றாலும் அதே மாடுகள்தான் நடக்கவேண்டும். அப்படிப்பட்டவர், சீமைக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் தொரையிடமிருந்து பழைய மோட்டார் வண்டியொன்றை வாங்கிவந்து வாசலில் நிறுத்தியபோது, மாடுகளைத் தவிர வீட்டில் எல்லாரும் ஓடிவந்து பார்த்தோம்.

பெரியப்பாவே அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். தெருவில் போகும்போது அவருக்குப் பழக்கம் விடவில்லை. வளைவு வந்தால் நாக்கைச் சொடுக்கி வண்டிக்குச் சைகை காட்டுவார். வண்டி கேட்கிறது என்றே நாங்கள் நினைத்தோம்.

அதற்குத் தீனி பெட்ரோல். அந்நாளில் அது சதுரத் தகர டின்களில் அடைத்து வரும். பதுளைக் கடைத்தெருவில் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் விற்றவர் என் மாமா, அம்மாவின் தம்பி. தொரைமார்கூட அவர் கடையில்தான் வாங்குவார்கள். அவருக்குப் பெரியப்பாவின் மகளைக் கொடுக்கலாம் என்று ஒரு பேச்சு வீட்டுக்குள் உலவிக்கொண்டிருந்தது. பெரியப்பாவுக்குப் பாதிச் சம்மதம். பெரியம்மாவுக்குக் கால்பங்குகூட இல்லை. தோட்டத்து ஆபீசில் உட்கார்ந்து எழுதுகிற மாப்பிள்ளையாக வேண்டும், மண்ணெண்ணெய் மணக்கிற மாப்பிள்ளை வேண்டாம் என்பது அவர் கட்சி. அந்த மகளை, எங்கள் அக்காவை, யாரும் கேட்கவில்லை. ஆனால் மாமா டின் கொண்டுவரும் நாட்களில் மட்டும் முற்றத்துச் செவ்வந்திக்கு இரண்டாம் முறை தண்ணீர் ஊற்றவேண்டிய அவசியம் அக்காவுக்கு வந்துவிடும்.

ஹாலிஎலவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் மாதா கோயில் திருவிழா வந்தது. மோட்டாரில் போவதென்று முடிவாயிற்று. பெரியம்மாவுக்கு ஒரே கவலை, வண்டி இன்னும் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப்படவில்லை என்பதுதான். மந்திரிக்கவேண்டிய கோயில் சாமியார் தோட்டங்களைச் சுற்றிப்பார்க்கப் போனவர் திரும்பவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பைப் பெரியம்மா தாமே எடுத்துக்கொண்டார். திருவிழாக் காலையில், பெரியப்பா முகம் மழித்துக்கொண்டிருந்த நேரம், என்னைக் கூட்டிக்கொண்டு வண்டியடிக்குப் போனார். கையில் தீர்த்தப் போத்தல். அதற்குள் குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த ஓலையில் செய்த சின்னச் சிலுவை ஒன்று மிதந்தது. பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன்.

"மேல தெளிச்சா தூசியோட போயிரும் பாப்பா. உள்ள போனாத்தான் நிக்கும்" என்றார். போத்தல் முழுவதும் களகளவென்று உள்ளே போயிற்று. ஓலைச் சிலுவையும் போயிற்று. இருவரும் சிலுவை போட்டுக்கொண்டு திரும்பினோம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. பேய் பிடித்தவர்களுக்கே குடிக்கக் கொடுக்கிற தண்ணீர் அது.

அப்பாவும் அம்மாவும் மாமாவும் மற்றவர்களும் முன்னதாகவே மாட்டு வண்டியில் புறப்பட்டிருந்தார்கள். வழியில் அவர்களை நாங்கள் முந்தினோம். பெரியப்பா தேவைக்கு மேலாகவே ஹார்னை அமுக்கினார். அக்கா முக்காட்டைச் சரிசெய்கிற சாக்கில் திரும்பிப் பார்த்தாள். ஹாலிஎலவைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி ஒரு தரம் இருமியது. பிறகு தொடர்ந்து இருமியது. கடைசியில் பெருமூச்சு விட்டு நின்றது. நின்றதோடு போகாமல் மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது. பெரியப்பா நாக்கைச் சொடுக்கிப் பார்த்தார். பெரியம்மா மாதாவைக் கூப்பிட்டார். இருவருக்கும் பதில் சொல்லாமல் வண்டி பின்னோக்கிப் போய் மண்மேட்டில் முட்டி நின்றது. பின் சக்கரத்து மட்கார்டு நசுங்கியது, ஒரு விளக்கு உடைந்தது. எங்களுக்கு ஒரு கீறலும் இல்லை. நான் தேயிலைச் செடிகளுக்கு நடுவே இறங்கி நின்று, இவ்வளவு நல்ல பிரயாணம் இதற்குமுன் செய்ததில்லை என்று நினைத்தேன்.

சற்று நேரத்தில் எங்கள் மாட்டு வண்டி வந்து சேர்ந்தது. மாமா இறங்கி ஓடிவந்தார். பெரியப்பா அவரை நிமிர்ந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்க. பால்காரன்தான் கலப்பான்னு நெனச்சேன்."

மாமாவின் முகம் சிவந்தது. தன் கடைச் சரக்கில் ஒரு சொட்டும் கலந்ததில்லை என்று மட்டும் சொன்னார். அம்மா கணவனின் அண்ணனுக்கும் தன் தம்பிக்கும் நடுவில் நின்று தரையைப் பார்த்தாள்.

திருவிழாவுக்குப் போகாமல் முடியாது. எங்கள் மாடுகளையே அவிழ்த்து மோட்டாரின் முன்னால் கட்டினார்கள். பெரியப்பா ஸ்டீயரிங் வளையத்தைப் பிடித்தபடி உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தோட்டத்து எல்லையில் காத்திருந்த மேளக்காரர்கள், மாடு இழுக்க வரும் மோட்டாரைப் பார்த்து, ஏதோ புதுமாதிரிச் சப்பரம் வருகிறதென்று எண்ணி அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். தொழிலாளர் குடியிருந்த லயங்களிலிருந்து சனம் ஓடிவந்தது. யாரோ பெரியப்பாவின் கழுத்தில் மாலை போட்டார்கள். அவர் சிரிக்கவும் முடியாமல் கோபப்படவும் முடியாமல் கோயில் வாசல்வரை வந்தார். அந்தத் திருவிழாவில் மாதாவின் தேருக்கு அடுத்தபடியாகச் சனம் சுற்றி நின்று பார்த்தது எங்களைத்தான்.

வீடு திரும்பியதும் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணப் பேச்சை இனி எடுக்கக்கூடாது என்றார் பெரியப்பா. பெரியம்மா ஆபீஸ் மாப்பிள்ளையை விசாரிக்க ஆளனுப்பினார். அக்காவின் செவ்வந்தி வாடியது. மாமாவின் பாடுதான் மோசம். ஒரு தொரை காதில் இந்தப் பேச்சு விழுந்தால் போதும், கடையை மூடவேண்டியதுதான். மாமாவே வந்து, சாட்சி வைத்துத் தொட்டியைத் திறந்து பார்ப்போம் என்று கேட்டார். பெரியப்பாவும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரை அழைத்து நாற்காலி போட்டார்.

மாமா ஒரு மெல்லிய ஆட்டுத்தோலைப் புனல்மேல் விரித்து, பெட்ரோலை அதில் ஊற்றினார். அந்தத் தோலில் பெட்ரோல் இறங்கிவிடும், தண்ணீர் மேலேயே தங்கிவிடும் என்று சாட்சிகளுக்கு விளக்கினார். தொட்டியின் அடியில் கிடந்தது கடைசியாக வந்தது. தோலின்மேல் கண்ணாடிபோலத் தண்ணீர் நின்றது. பெரியப்பா நாற்காலியைவிட்டு எழுந்தார். அப்போது தண்ணீரோடு இன்னொன்றும் வந்து விழுந்தது. அந்த ஓலைச் சிலுவை.

மாமாவுக்கு மிக அருகில் நின்றவள் நான். சந்தோஷமாக அவர் காதில் சொன்னேன்: "பெரியம்மா ஊத்துன தீர்த்தம் மாமா."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு கதவோரம் நின்ற பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மாவின் கை வாயைப் பொத்தியிருந்தது. ஒரு வார்த்தை போதும்; பெயரும் கடையும் மீண்டுவிடும், அத்தனை பேருக்கும் முன்னால் பெரியம்மா தலைகுனிந்து நிற்பார். மாமா சிலுவையை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

"நீங்க சொன்னது சரிதான் அத்தான். பண்டாரவளையில இருந்து வர்றப்ப டின்னு ஓட்டையில மழைத்தண்ணி எறங்கியிருக்கு. நான் பாக்காம விட்டுட்டேன்" என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் பெரியம்மா என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு பெரிய அதிரசத்தைக் கையில் வைத்தார். அதைத் தின்று முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தன் வாழ்நாளில் பெரியப்பா அவ்வளவு முழுமையாக ஜெயித்தது அன்று ஒருநாள்தான். வென்ற மனிதர் தாராளமாகிவிட்டார். வேண்டுமென்று கலக்கவில்லை, மழைதானே, யாருக்கும் நேரக்கூடியதுதானே என்று அவரே சாட்சிகளுக்குச் சமாதானம் சொன்னார். மட்கார்டை நிமிர்த்த மாமா ஒரு கொல்லரைக் கூட்டிவந்தபோது பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார். கடைத்தெருவில் போய், ஓட்டையை ஒளிக்காமல் சொல்கிற கடைக்காரன் பதுளையில் வேறு யார் என்று கேட்டுவைத்தார். தொரைமார் மாமாவின் கடையைவிட்டுப் போகவில்லை.

ஆனால் பெரியப்பாவை வியக்கவைத்தது பெரியம்மாதான். ஆபீஸ் மாப்பிள்ளையைப் பற்றி விசாரித்துவந்த ஆளைக் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பிவிட்டு, பெரியப்பா சாப்பிடும்போது சொன்னார்: "செஞ்ச தப்ப ஒத்துக்கிற ஆம்பளை ஆயிரத்துல ஒருத்தன். என் பொண்ணு அவருக்குத்தான்."

பெரியப்பா சோற்றில் கைவைத்தபடி மனைவியைப் பார்த்தார். நானும்தான் பார்த்தேன். தப்பு செய்தவர் பெரியம்மா. ஒத்துக்கொண்டவர் மாமா. பாராட்டுகிறவர் மறுபடியும் பெரியம்மா. இது எனக்கு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கணக்கில் வரவில்லை. அக்காவிடம் கேட்டேன். அவள் என் கன்னத்தை வலிக்கக் கிள்ளிவிட்டு முற்றத்துக்கு ஓடினாள்.

தை மாதத்தில் கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் மோட்டாரில் கோயிலுக்குப் போனார்கள். அது ஒருமுறைகூட இருமவில்லை. சாப்பாட்டில் மாமாவின் இலைக்குப் பெரியம்மா தம் கையால் பரிமாறினார், போதும் போதும் என்று அவர் கையை மறித்தபின்னும் பரிமாறினார்.

அந்த வருஷமே எனக்குப் புது நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்க வயது வந்தது. அதற்குமுன் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் முதல் பாவசங்கீர்த்தனம். செய்த பாவங்களை ஒன்றுவிடாமல் நினைத்து வைத்துக்கொள்ளவேண்டும் என்று உபதேசியார் சொல்லியிருந்தார். என்னுடையவை எல்லாம் சில்லறைப் பாவங்கள். வெல்லம் எடுத்தது, தம்பியை அடித்தது. அவற்றைச் சொல்லி முடித்ததும் மாமாவின் பொய் நினைவுக்கு வந்தது. புது மாப்பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரமிருக்காது, நாமே சொல்லிவிடுவோம் என்று தோன்றியது. கூண்டுக்குள் முழந்தாளிட்டு, போத்தல், தொட்டி, ஓலைச் சிலுவை, மழைத்தண்ணி எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன்.

சாமியார் வெள்ளைக்காரர். புத்தகத்தைப் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். அந்தப் பொய்யினால் யாருக்காவது நட்டம் உண்டாயிற்றா என்று கேட்டார்.

நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். "ஒருத்தருக்கும் இல்ல சாமி. எல்லாரும் சந்தோஷமாத்தான் இருக்காங்க" என்றேன்.

தட்டிக்கு அப்பால் சாமியாருக்கு இருமல் வந்தது. நெடுநேரம் இருமினார். பிறகு, ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல் என்றார். மாமாவா, நானா என்று கேட்டேன்.

"நீ சொல்ல வேண்டும், மகளே. உன் மாமாவுக்கு ஒன்றும் இல்லை."

வெளியே வந்து பீடத்தின் முன் முழந்தாளிட்டேன். என் வெல்லத்துக்கு ஜெபம் உண்டு, அவ்வளவு பெரிய பொய்க்கு இல்லையாம். சாமியாருக்குத் தமிழ் சரியாக விளங்கவில்லை என்று முடிவு செய்தேன். நல்லவேளையாக எனக்கு நேரமிருந்தது. என் பங்குக்கு ஒன்று சொல்லிவிட்டு, மாமாவின் பங்குக்கும் ஒன்று சொல்லிவைத்தேன்.