பால்பல்லுக்காக மலையிறங்கி வந்தவர்

செய்தி வந்தபோது என் ஆள்காட்டி விரல் ஒரு பிள்ளையின் வாய்க்குள் இருந்தது. கொடைக்கானலிலிருந்து வரும் காலை பஸ்ஸின் கண்டக்டர் தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகை வாசலில் நின்று, "பாக்கியக்கா, நம்ம பல்லு டாக்டரம்மா தவறிட்டாங்க. நாளைக்கு வெள்ளனே அடக்கமாம்" என்றார். விரலை எடுக்க எனக்குத் தோன்றவில்லை. பிள்ளை நறுக்கென்று கடித்த பிறகுதான் அழுதேன். தான் கடித்ததற்கு அழுகிறேன் என்று பயந்து அதுவும் சேர்ந்து அழுதது.

டாக்டர் ஞானசுந்தரியிடம் வாயைத் திறந்து காட்டியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடக்கத்தன்று ஒருவர், "அம்மா அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார்" என்றார். யாரைப் பற்றிச் சொன்னாரோ தெரியவில்லை. அம்மா அதிராமல் பேசியது பிள்ளைகளிடம் மட்டும்தான். பெற்றவர்கள் வாங்கிக்கட்டிக்கொண்டுதான் போவார்கள். "விழுற பல்லுதானேன்னு என்கிட்ட சொல்லாதீங்க. விழுற வரைக்கும் புள்ளை அதுலதான் சோறு திங்கணும்" என்று அவர் சொல்லாத நாள் இல்லை.

கொடைக்கானல் ஆஸ்பத்திரி ஒன்றில் அவருக்கு வேலை. மாதம் ஒரு புதன்கிழமை பஸ் பிடித்து பண்ணைக்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு இறங்கி வருவார். அப்போது அவருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை, ஆனால் மேல்வரிசை முழுவதும் பொய்ப்பல். மிரளுகிற பிள்ளைக்கு முன்னால் அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "என் பல்லு வந்திருச்சு. உன்னோடது வருதா, பாப்போமா?" என்று பொக்கைவாயால் கேட்பார். பிள்ளை ஆச்சரியத்தில் வாயைப் பிளந்துவிடும். முதல் தடவை பார்த்தபோது கொட்டகையைவிட்டு ஓடியவள் நான்தான்.

எட்டாவது வரை படித்திருந்ததால், தாய்மார் காப்பிப்பழம் பறிக்கப் போகும்போது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குத் தோட்டத்தில் கொடுத்திருந்தார்கள். ஒரு கொட்டகை, பதினாலு தூளி. என் கொட்டகையில் அழுகைச் சத்தமே கேட்காது என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை. அதன் ரகசியம் மலைத்தேன். மெல்லிய துணியைக் காம்புபோல முடிந்து, தேனில் தோய்த்து, ஒவ்வொரு வாயிலும் வைத்துவிடுவேன். பிள்ளைகள் சப்பிக்கொண்டே தூங்கிவிடும். முன்பற்கள் பழுப்பாகி, பிறகு கறுத்து உதிர்ந்தபோது, பூச்சிப்பல் என்றோம். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பேச்சியம்மாளின் மகள் வள்ளிக்கு மூன்று வயது. ஒருநாள் அவள் கன்னம் வீங்கியிருந்தது. "பொன்னுக்கு வீங்கி" என்று பார்த்தவுடன் சொன்னேன். அந்த வீக்கம் வந்தால் கழுத்தில் பொன் போட்டால் இறங்கும் என்பது நம் பக்கத்து வழக்கம். பேச்சியம்மாளிடம் பொட்டுப் பொன் கிடையாது. என் சங்கிலியைக் கழற்றி நானே வள்ளிக்குப் போட்டேன். "ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகட்டுமாக்கா?" என்று இரண்டாம் நாள் அவள் கேட்டதற்கு, "சோலியைப் பாரு, தன்னால வடியும்" என்றும் சொன்னேன். நாலாம் நாள் காய்ச்சல் கொதித்தது. வீக்கம் கண்வரை ஏறி, இமை மூடிக்கொண்டது.

அன்று தெய்வாதீனமாக அவர் வரும் புதன்கிழமை. டாக்டரம்மா சங்கிலியைத் தொடவில்லை. வள்ளியின் மேலுதட்டைத் தூக்கினார். உள்ளே கறுத்த பல்லுக்கு மேல் ஈறு சீழ்கோத்துப் பளபளவென்றிருந்தது. "எத்தனை நாளா?" என்றார். "நாலு நாளா. நான்தான் போகவேண்டாம்னேன்" என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாசல் பக்கம் திரும்பினார். "தோட்டத்து ஜீப்பை எடுக்கச் சொல்லு. வெரசா!" வள்ளியை மடியில் போட்டுக்கொண்டு, கைக்குழந்தையோடு பேச்சியம்மாளையும் ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போனார். பல்லைப் பிடுங்கி, சீழை வடித்து, பெனிசிலின் போட்டார்கள். மூன்று நாள் கழித்துத்தான் பிள்ளை பிழைக்கும் என்று சேதி வந்தது. அந்த மூன்று நாளும் நான் சோறு தின்னவில்லை.

தோட்டத்து மானேஜர் என்னை வேலையைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார். மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா புதன்கிழமைக்குக் காத்திராமல் வந்து, அதுவரை அவர் கண்ணில் படாத தேன்துணியை எடுத்துப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு மானேஜரிடம், "இவளை அனுப்பினா அடுத்து வர்றவளும் தேனைத்தான் வைப்பா. தேன் என்ன செய்யும்னு இப்ப இவ ஒருத்திக்குத்தான் தெரியும். இருக்கட்டும்" என்றார். என் பக்கம் திரும்பி, "அழுற புள்ளைய அமர்த்துறது தப்பில்ல. இனிப்பை வாயில வெச்சுத் தூங்க வைக்கிறதுதான் தப்பு" என்றார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதன்பின் என் கொட்டகையில் அழுகை கேட்கத் தொடங்கியது. சாப்பிட்டதும் விரலில் ஈரத்துணி சுற்றிப் பல்லைத் துடைப்பது, வாரம் ஒருமுறை எல்லார் உதட்டையும் தூக்கிப் பார்ப்பது என்று பழகினேன். "ஆலும் வேலும் பல்லுக்குறுதின்னு எனக்கும் தெரியும். ஒன்றரை வயசுப் புள்ளை வேப்பங்குச்சிய எப்படி மெல்லும்? உன் விரல்தான் அதுக்குக் குச்சி" என்பார் டாக்டரம்மா.

வள்ளி ஊர் திரும்பிய அடுத்த வாரமே பேச்சியம்மாள் தன் கைக்குழந்தையையும் என்னிடம் கொண்டுவந்து விட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் விட்டார்கள். செய்த தவறை ஒத்துக்கொண்டவள் என்பதால் என்னை நம்புகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்தேன்.

கல்லறையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் பேச்சியம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணு சொல்லட்டுமாக்கா, கோவிச்சுக்காத. ரெண்டாவது புள்ளைய உன்கிட்ட விடக்கூடாதுன்னுதான் இருந்தேன். யாரும் விடாதீகன்னு லயத்து வீடுகள்ல எல்லார்ட்டயும் சொல்லியும் வெச்சேன். ஆஸ்பத்திரியில அந்தம்மா வள்ளி கட்டில்ல வந்து உக்காந்து, 'பாக்கியத்தை நம்ப முடியலைன்னா என்னை நம்பி விடு. இந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா என்னை வந்து கேளு'ன்னு சொன்னாங்க. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னும் சொல்லிட்டாங்க. அந்தம்மா முகத்துக்காகத்தான்க்கா விட்டேன்."

பதினோரு வருஷம் என் தூளிகளில் பிள்ளைகள் தூங்கியது அவர் கொடுத்த வாக்கின் மேல். அம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த வாக்குத்தான். இனி ஒரு பிள்ளைக்கு ஒன்றென்றால் போய்க் கேட்க அவர் இல்லை. என்னைத்தான் கேட்கவேண்டும்.