பல்செட்டும் ஸாக்ஸபோனும்

துபாயில் எந்தக் கட்டடத்தைக் காட்டினாலும், அந்த இடம் வெறும் மணலாகக் கிடந்தபோது அதன் பக்கத்தில் தான் கிதார் வாசித்ததாக என் கணவர் சொல்வார். அதில் பாதியாவது உண்மைதான். ஓட்டல் பேண்டுகளில் இருபத்தெட்டு வருடம் வாசித்தவர். நான் கராமாவில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் ரிசப்ஷனில் இருந்தேன். வலியில் கத்துகிறவர்களோடு பகல் முழுக்கப் பேசிவிட்டு வந்தால், வீட்டில் இவர் ஒரே வரியை நாற்பது தடவை வாசித்துக்கொண்டிருப்பார்.

மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பத் தொடங்கிய வருடம், கிரீக் என்கிற கடற்கழியின் ஓரத்தில் அவர் முதன்முதலாக வேலை பார்த்த ஓட்டலை இடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. அன்று சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"இந்த ஊரோட ஜாஸ், ப்ளூஸ் பாரம்பரியத்துக்கு ஒரு அஞ்சலி பண்ணணும்."

"எந்த ஊரோட?"

"துபாயோட."

"துபாய்க்கு ஏதுங்க ஜாஸ் பாரம்பரியம்?"

"ஏன், நாங்க இல்லையா?" என்று ரசத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

'நாங்க' என்பதில் அப்போது மிச்சமிருந்தது இரண்டே பேர். பாடகி மணிலாவுக்கும் டிரம்மர் கொழும்புக்கும் திரும்பி வருடங்களாகிவிட்டன. இவரும், சத்வாவில் லாண்டரி வைத்திருந்த ஒரு கோவாக்காரரும்தான் பாக்கி. அந்தக் காலத்தில் அவர் ஸாக்ஸபோன் எடுத்தால் வெயிட்டர்கள் தட்டோடு நின்றுவிடுவார்கள் என்பது என் கணவர் அடிக்கடி சொல்லும் கதை.

ஓட்டல் மேனேஜர், இடிக்கப் போகிற ஹால்தானே என்று ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டார். ஒத்திகை எங்கள் வீட்டில் நடந்தது. மூன்றாம் நாள், மேல் மாடி பேச்சலர் ரூமிலிருந்து தஞ்சாவூர்க்காரர் ஒருவர் இறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"அக்கா, வீட்ல ஏதாச்சும் துக்கமா?"

"இல்லைப்பா. ப்ளூஸ்."

"யாருக்கு?" என்றார் கவலையோடு.

நான் பதில் சொல்வதற்குள் என் கணவர் எழுந்து வந்து, பருத்திக் காட்டில் கூலி வேலை செய்தவர்களின் கஷ்டத்திலிருந்து பிறந்த சங்கீதம் அது என்று கால் மணி நேரம் விளக்கினார். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கஷ்டம்லாம் சரி அண்ணே, எனக்கு அஞ்சு மணிக்கு சைட்டுக்கு வண்டி வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோவாக்காரரோ ஒத்திகையில் ஸாக்ஸபோனை ஊதவே இல்லை. கழுத்தில் மாட்டிக்கொண்டு விரல்களை மட்டும் ஓட்டி, வாய்க்குள் முனகுவார். "மூச்சை மிச்சம் பிடிக்கிறான். பெரிய கலைஞன் இப்படித்தான்" என்று என் கணவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

எனக்கு உண்மை தெரியும். இரண்டு மாதம் முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில்தான் அவருடைய மேல் பற்களையெல்லாம் எடுத்து பல்செட் வைத்தார்கள். ஸாக்ஸபோனின் முனையை மேல் பல்லால் அழுத்திப் பிடித்துத்தான் ஊத வேண்டுமாம். அழுத்தினால் பல்செட் கழன்றுகொள்கிறது. "அவன்கிட்ட சொல்லிடாதே, ஆன்ட்டி. அதுக்குள்ள பழகிக்கறேன், மேன்" என்று கெஞ்சியிருந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் நான் ஆன்ட்டி, மேன் இரண்டுமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் எங்களுக்காகவும் மீதிப் பேர் சமோசாவுக்காகவும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் வெள்ளைக் கந்தூரா அங்கியில் வயதான அரபி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். என் கணவர் இங்கிலீஷில் எழுதி வைத்திருந்த உரையை வாசித்தார். இந்த நகரத்தின் வரலாறு எண்ணெயால் மட்டும் ஆனதில்லை என்று அவர் தொடங்கியபோது மேனேஜர் வாட்ச்சைப் பார்த்தார்.

முதல் பாட்டில் கிதார் நன்றாகவே போனது. பிறகு ஸாக்ஸபோன் முறை வந்தது. கோவாக்காரர் ஊதினார். பிரஷர் குக்கர் பாதியில் நின்றுபோனதுபோல ஒரு கீச்சொலி வந்தது. இன்னொரு முறை ஊதினார், அதுவும் அப்படியே. முன்வரிசைக் குழந்தை ஒன்று சிரித்தது. என் கணவர், நண்பருக்கு என்ன ஆயிற்று என்று புரியாமல், அதை மூடி மறைக்க மேலும் சத்தமாக வாசித்தார்.

கோவாக்காரர் சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். ஒரு கைக்குட்டையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். நேராக என்னிடம் வந்து அந்தப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். அது இன்னும் சூடாக இருந்தது.

திரும்பிப் போய், உதடுகளை ஈறின் மேல் மடித்துக்கொண்டு ஊதினார். மேல் ஸ்வரம் எதுவும் வரவில்லை. கீழ் ஸ்வரங்கள் மட்டும், காற்றோடு கலந்து, மெதுவாக வந்தன. நாலைந்து ஸ்வரம்தான் இருக்கும். அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தார். என் கணவர் என் மடியைப் பார்த்தார், நண்பரின் கன்னம் ஒட்டிப்போயிருப்பதைப் பார்த்தார். புரிந்துவிட்டது. வேகத்தைப் பாதியாகக் குறைத்து, சத்தத்தையும் குறைத்து, நண்பரின் ஸ்வரங்களுக்குப் பின்னாலேயே வாசித்துக்கொண்டு போனார். சமோசாத் தட்டோடு வந்த வெயிட்டர் நின்றுவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து நான் நம்பாத கதையை அன்று கண்ணால் பார்த்தேன்.

முடிந்ததும் அந்த வயதான அரபி மேடைக்கு வந்தார். அவருடைய இந்தி என் இந்தியைவிட நன்றாக இருந்தது. வாலிபத்தில் இந்த ஓட்டலுக்குத் தண்ணீர் லாரி ஓட்டி வந்ததாகவும், தொட்டி நிரம்பும் வரை சமையலறை வாசலில் நின்று ஒத்திகையைக் கேட்டதாகவும் சொன்னார்.

"நானும் அப்போ வாசிச்சேன்! கிதார்!" என்றார் என் கணவர்.

"தெரியும்" என்றார் அவர். "ஸாக்ஸபோன் பஹுத் அச்சா. கிதார் கொஞ்சம் சத்தம் ஜாஸ்தி, பாய். அன்னிக்கு. இன்னிக்குப் பரவாயில்லை."

வரும்போது டாக்ஸியில் என் கணவர் முன்சீட்டிலிருந்து திரும்பி, "முப்பது வருஷமா ஒருத்தன் என் கிதாரை ஞாபகம் வச்சிருக்கான், பார்த்தியா?" என்றார். பார்த்தேன் என்றேன். பின்சீட்டில் கோவாக்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பல்செட்டை மாட்டிக்கொண்டிருந்ததால் வாயைக் கையால் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டியிருந்தது.

அதன் பிறகு அவர் லாண்டரியை விற்றுவிட்டு ஊருக்குப் போகும் வரை, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். மீன் குழம்பு முடிந்ததும் பல்லைக் கழற்றி ஒரு டம்ளரில் போட்டுவிட்டு ஊதுவார். என் கணவர் தன் கிதார் ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை அவராகவே பிடுங்கிவிட்டு எதிரே உட்காருவார்.