இரண்டு பூட்டுப் போட்ட கதவு

எந்தக் கம்பனிக்குக் கணக்காய்வுக்குப் போனாலும், களஞ்சிய அறையைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் நான் கதவின் பிணைச்சலைப் பார்ப்பேன். கதவை நிலையோடு சேர்த்துப் பிடித்திருக்கிற அந்த இரும்புத் தகட்டையும் அதன் திருகாணிகளையும் குனிந்து விரலால் தடவிப் பார்ப்பேன். கூட வருகிற முகாமையாளர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்கள். என் அலுவலகத்தில் இதற்காகவே எனக்கு ஒரு பட்டப்பெயரும் உண்டு. சிரிக்கட்டும். ஒரு கணக்காய்வாளர் அன்றைக்கு ஒரே ஒரு தரம் குனிந்து பார்த்திருந்தால் என் அம்மாவை ஊர் கள்ளி என்று சொல்லியிருக்காது. இத்தனை வருடம் போயும் அந்தக் கோபம் எனக்கு அடங்கவில்லை. அடங்கவும் வேண்டாம்.

சுனாமி வந்து போனதற்குப் பிந்திய மாதங்கள் அவை. எங்கள் ஊர் களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக நடுவில் கிடக்கிற ஊர். கடல் பக்கத்து வீடுகள் அள்ளுண்டு போயின. வாவிப் பக்கத்தில் இருந்ததால் எங்கள் வீடு தப்பியது. ஆனால் கடற்கரையில் கிடந்த அப்பாவின் தோணியும் வலையும் போய்விட்டன. கடல் மீனைத் தின்ன யாருக்கும் மனம் வராத காலம். கடல் எதையெல்லாம் கொண்டுபோனது என்று எல்லோருக்கும் தெரியும். ஊர்ச்சனம் வாவி இறாலையும் நண்டையுமே நம்பியிருந்தது. வாவியில் இறங்குவதற்கு வலை வேண்டும். ஒரு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் வலை தருவதாகச் சொன்னது, சொன்னபடி தந்தும் விட்டது.

புத்தம் புதிய நீல நிற நைலோன் வலைகள் பெட்டி பெட்டியாக வந்து மீனவர் சங்கத்து அறையில் இறங்கின. வலை இழந்த வீட்டுக்கெல்லாம் ஒவ்வொன்று என்று பேச்சு. பெயர் விபரம் எடுத்துப் பங்கிடும் வரைக்கும் அவை பத்திரமாக இருக்க வேண்டும். அதற்கு நிறுவனம் ஒரு நிபந்தனை போட்டது. அறைக்கு இரண்டு பூட்டு. சாவிகள் வேறு வேறு வீட்டு ஆட்களிடம் இருக்கும். ஒருவர் இல்லாமல் மற்றவர் திறக்க முடியாது. இன்றைக்கு நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கம்பனிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் இதையேதான். உள்ளகக் கட்டுப்பாடு என்று அதற்குப் பெரிய பெயர். ஒரு ஆள் தனியாக நின்று பிழை செய்ய முடியாதபடி வேலையைப் பிரித்துக் கொடுப்பது, அவ்வளவுதான்.

ஒரு சாவி மாமாவுக்குப் போனது. அவர் அம்மாவின் மூத்த அண்ணன், சங்கத் தலைவர். மற்றது மாதர் சங்கத்தில் இருந்த அம்மாவுக்கு. நிறுவனத்திலிருந்து வந்த பெண், இவர்கள் இருவரும் ஒரே வீடா என்று கேட்டாள். இல்லை, வேறு வேறு வீடு என்று கூட்டம் முழுக்கச் சொன்னது. அதில் பொய்யில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். ஆண் கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். மாமா பிறந்து வளர்ந்த வீடு அம்மாவுக்கு வந்தது. மாமா இரண்டு வளவு தள்ளி மாமியின் வீட்டில் இருந்தார். ஆனால் அவர் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, யாரையும் கேளாமல் நேரே குசினிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற ஆள். எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் முன்னுக்கு நிற்க வேண்டியவர். அப்பாவே அவருக்கு முன்னால் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார். கேட்டவள் சரியாகக் கேட்டாள், சொன்னவர்கள் உண்மையைச் சொன்னார்கள். அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

முதல் வாரத்திலேயே மாமா வந்தார்.

"தங்கச்சி, ஒன்ட சாவியத் தாகா. பெட்டியளுக்குள்ள எலி பூந்திட்டா எண்டு ஒருக்காப் பாத்திட்டு வாறன்."

"நானும் வாறன் அண்ணன். ரெண்டு பேரும் போய்ப் பாப்பம்."

"என்னகா, கூடப் பொறந்தவன நம்ப மாட்டியா?"

அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். அறையில் எலி இல்லை. மாமா அதற்குப் பிறகு பல நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கிணற்றடியில் மாமி, கூடப் பிறந்த அண்ணனையே சந்தேகப்படுகிறாளே இவளெல்லாம் ஒரு தங்கச்சியா என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். நான் அப்போது சின்னப்பிள்ளை, மாமாவின் செல்ல மருமகள். எனக்கும் அம்மா மேல்தான் கோபம் வந்தது. ஒரு சாவிக்காக இவ்வளவு பிடிவாதமா என்று இருந்தது.

பிறகு ஒரு காலையில் மாமா சிரித்துக்கொண்டே வந்தார். மடியிலிருந்து தன் சாவியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார்.

"இந்தா, இதையும் நீயே வெச்சிரு. நான் மீட்டிங் மீட்டிங் எண்டு மட்டக்களப்புக்கு அலையிறன். எங்கயாவது துலைச்சிப்போடுவன். நீதானே கவனமான ஆள்."

அம்மாவின் முகம் மலர்ந்துபோனது. கோபித்துக்கொண்டு போன அண்ணன் தானாக வந்து, தன்னை நம்பிச் சாவியையும் தந்துவிட்டுப் போகிறார். அன்றைக்கு அவருக்கு இறால் பொரித்துச் சோறு போட்டாள். இரண்டு சாவியையும் ஒரே கயிற்றில் கட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். தன் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. மற்றவரின் சாவியை வாங்கவும் கூடாது என்று அவளுக்கு ஒருவரும் சொல்லவில்லை. பூட்டு வாங்கிக் கொடுத்தவர்கள் அந்த ஒரு வசனத்தையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் வாய் வலித்திருக்குமா?

சங்கத்து அறைக்கு முன்னால் நின்ற பூவரச மர நிழலில்தான் நான் விளையாடுவது. அந்தக் கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே இடம் மிச்சமாகட்டும் என்று, தச்சு வேலை தெரிந்த மாமாவே முன்பு ஒரு காலத்தில் அப்படிப் போட்டது. அதனால் பிணைச்சல்களும் வெளியேதான் இருந்தன. எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு இரும்பு என்று எதையும் வைக்க முடியாது. வந்து சில மாதமே ஆன பூட்டுகள்கூடக் கறள் பிடித்து மண் நிறமாகிவிட்டன. பிணைச்சல் தகடும் அப்படித்தான். ஆனால் ஒரு நாள் பார்த்தால், அந்தத் திருகாணிகளின் தலைகள் மட்டும் கீறுப்பட்டு வெள்ளையாக மினுங்கின. வெயில் பட்டபோது மூக்குத்தி மாதிரி இருந்தன. எனக்கு அவற்றைப் பிடித்துப்போனது. தினமும் போய்ப் பார்த்தேன்.

அந்த நாட்களில்தான் நிறுவனம் அனுப்பிய கணக்காய்வாளர் வந்தார். சப்பாத்துக் கால், மடிப்புக் குலையாத சேட். மாமா வீட்டில் நண்டுக் கறியோடு சோறு தின்றுவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டே மாமாவோடு சங்கத்துக்கு வந்தார். அம்மா இடுப்பிலிருந்த கயிற்றை எடுத்து ஒரு பூட்டைத் திறந்தாள். அதே கயிற்றிலிருந்த மற்றச் சாவியால் அடுத்த பூட்டையும் திறந்தாள். இரண்டு கைகளில் இருக்க வேண்டிய சாவிகள் ஒரே கையில் எப்படி வந்தன என்று அவர் கேட்கவில்லை. வாசற்படியில் நின்றபடியே முன்வரிசைப் பெட்டிகளை எண்ணினார். பின்னால் எத்தனை வரிசை என்று மாமாவிடம் கேட்டார். மாமா சொன்ன வரிசைகளால் பெருக்கிச் சரி என்று எழுதிக்கொண்டார். உள்ளே ஒரு காலடி வைக்கவில்லை. சப்பாத்தில் தூசி பட்டுவிடும் போல.

அம்மா அவருக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம், நான் கிட்டப் போனேன்.

"ஐயா, பூட்டெல்லாம் கறள் புடிச்சிட்டு. கதவு ஆணி மட்டும் மினுங்குது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். கெட்டிக்காரப் பிள்ளை என்று என் கன்னத்தைக் கிள்ளி ஒரு டொபி தந்தார். மாமாவும் சிரித்தார், அவரைவிடச் சத்தமாக. கணக்காய்வு அத்தோடு முடிந்தது. என் தொழிலில் இப்படிப்பட்டவர்களை நான் இன்றைக்கும் சந்திக்கிறேன். அவர்கள் நீட்டுகிற டொபியை நான் வாங்குவதில்லை.

பங்கீட்டு நாளில் முன்வரிசைப் பெட்டிகளைத் தூக்கியதும் பின்னால் வெறும் சுவர் தெரிந்தது. காலையிலிருந்து வெயிலில் நின்ற சனம் ஒரேயடியாகக் கத்தியது. பூட்டு உடையவில்லை, ஓடு பிரியவில்லை, ஜன்னல் கம்பி வளையவில்லை. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார்.

"என்ட சாவி என்னட்ட இல்ல. ரெண்டும் தங்கச்சிட்டத்தான் இருந்த. நான் என்னத்தச் சொல்லுற?"

கணக்காய்வாளரைத் திரும்பக் கூட்டி வந்தார்கள். தான் வந்த அன்றைக்கும் இரண்டு சாவியும் இந்த அம்மாவின் கையில்தான் இருந்தன என்று அவர் சொன்னார். கண்ணால் கண்டாராம்! கண்ட அன்றைக்குக் கேட்க வேண்டிய கேள்வியை, பல் குத்திக்கொண்டிருந்ததால் கேளாமல் விட்ட மனுசன், அதையே பிறகு என் அம்மாவுக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவந்து வைத்தார். பொருளைக் காப்பதற்கென்று போட்ட இரண்டு பூட்டும் பொருளைக் காக்கவில்லை. காவல் நின்றவளைக் குற்றவாளியாக்கத்தான் அவை உதவின.

இதைவிடக் கேவலம் ஒன்று நடந்தது. பொலிசுக்குப் போகாமல் விடுங்கள், அவள் என் கூடப் பிறந்தவள் என்று மாமா சபைக்கு முன்னால் கைகூப்பினார். சனம் உருகிப்போனது. இப்படி ஒரு அண்ணன் கிடைக்க இவள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். அம்மாவைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வலை இல்லை என்றும் முடிவாயிற்று. அப்பா அந்த வருடம் முழுக்க அடுத்தவர் வயல் வட்டையில் கூலிக்கு வேளாண்மை வெட்டினார். பள்ளிக்கூடத்தில் என்னை வலைக்கள்ளியின் மகள் என்றார்கள். அதற்குப் பிறகும் மாமா வந்தால் அம்மா சோறு போட்டாள்.

போர் முடிந்து, பயமில்லாமல் ஆட்கள் வாவியைக் கடந்து போய்வரத் தொடங்கிய பிறகு, அப்பா கொக்கட்டிச்சோலைத் திருவிழாவுக்குப் போனார். கரையில் நீல வலைகள் காய்ந்துகொண்டிருந்ததைக் கண்டு விசாரித்திருக்கிறார். சுனாமி வருடத்தில் உங்கள் ஊர்த் தலைவரிடம்தான் வாங்கினோம் என்று ஒருவர் ஒளிக்காமல் சொன்னார். சொன்னவரே தோணி கொண்டுபோய் ஏற்றினாராம். தலைவர் பிணைச்சல் ஆணிகளைக் கழற்றிக் கதவை அந்தப் பக்கத்தால் திறந்து, பூட்டுப் பக்கச் சுவரில் சாத்தி வைத்தாராம், இரண்டு பூட்டும் பூட்டினபடியே தொங்கியதாம். அதைச் சொல்லிச் சொல்லி அந்த மனுசன் சிரித்தாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து சொன்னார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"எனக்குத் தெரியும்."

அப்பா அன்றைக்குச் சோறு தின்னவில்லை. நான் அப்போது குமரிப் பிள்ளை. அந்த வருடம்தான் நான் பெரியபிள்ளையாகி என் சாமத்தியச் சடங்கு நடந்திருந்தது. மாமாதான் முன்னுக்கு நின்று சேலை போட்டார். தெரிந்துகொண்டா அந்த ஆளுக்கு இத்தனை நாளும் சோறு போட்டாய் என்று நான் கத்தினேன்.

"அண்ணனக் கள்ளன் எண்டு நானே சபையில சொல்லியிருந்தா, ஒன்ட சடங்குக்கு ஆர் வந்து முன்னுக்கு நிண்டிருப்பா, மகள்?"

இந்தப் பதிலை நான் இன்றைக்கும் ஏற்கவில்லை. யாருமே முன்னுக்கு நிற்காமல் போயிருக்கட்டும். மாமா மேல் இருக்கிற கோபத்தில் பாதி எனக்கு அம்மா மேலும் உண்டு. ஆனால் அவளுக்கு எப்போது தெரிய வந்தது என்பதை நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த இடத்தில் நானும் நின்றேன்.

கூட்டம் கூடி அம்மாவைக் கள்ளி என்று சொன்னதற்கு அடுத்த நாள் மத்தியானம். ஊர் சாப்பிடப் போயிருந்தது. அம்மா தனியே சங்கத்துப் பக்கம் போனாள், நான் பின்னால் ஓடினேன். அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குச் சந்தோசமாக இருக்கட்டும் என்று என் ஆணிகளைக் காட்டினேன்.

"பாருங்கம்மா, எப்படி மினுங்குது! ஓடிட்டர் ஐயாட்டயும் சொன்னன்."

அம்மா குனிந்தாள். ஒரு ஆணியைத் தொட்டாள், பிறகு அடுத்ததைத் தொட்டாள். கீறலில் நகத்தை வைத்துப் பார்த்தாள்.

"வேற ஆருக்கும் சொன்னியா?"

"இல்ல."

அம்மா எழுந்து வாவிக் கரைக்குப் போனாள். இரண்டு கையிலும் கறுப்புச் சேறு அள்ளிக்கொண்டு வந்தாள். மேல் பிணைச்சலின் ஒவ்வொரு ஆணியிலும் அதை அப்பி, மினுக்கம் மறையும் வரை பெருவிரலால் தேய்த்தாள். அவளுடைய கண்ணில் நீர் வழிந்தது. வெயில் கூச்சம் என்று நினைத்தேன். இரும்பு கறள் பிடிக்காமலிருக்க அப்பா எண்ணெய் பூசுவார். இதுவும் அப்படி ஒரு வேலை, அம்மாவைச் சங்கத்தை விட்டுத் துரத்தினாலும் அந்தக் கதவை அவள் கவனமாகத்தான் பார்க்கிறாள் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. கீழ்ப் பிணைச்சலை நான் பூசட்டா என்று கேட்டேன். அம்மா என் கையில் கொஞ்சம் சேறு வைத்தாள்.

"வடிவாப் பூசு மகள்" என்றாள்.

வடிவாகத்தான் பூசினேன்.