அப்பாவின் பக்கத்துக்கு வந்தவர்கள்

சிறு கடைகளின் இணையதளங்களைப் பராமரிப்பது அவள் வேலை. தளத்துக்குள் யார் நுழைகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பதால் அலுவலகத்தில் ‘வாசல்காரி’ என்று பெயர். மனிதர்கள் வருவார்கள். பக்கங்களைப் படித்துவரத் தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களான பாட்களும் வரும். அவற்றின் பெயரைச் சொல்லிக்கொண்டு போலிகளும் புகும். வந்த கணினியின் முகவரியை வைத்து அதன் பெயரைப் பார்ப்பாள், அந்தப் பெயரை வைத்துத் திரும்ப முகவரியைப் பார்ப்பாள். இரண்டும் ஒத்துப்போனால் அசல். இல்லாவிட்டால் கதவடைப்புதான்.

மழை தொடங்கிய சமயத்தில், ஞாபகமறதி முற்றிய அப்பா செருப்புகூடப் போடாமல் வீட்டைவிட்டுப் போனார். போலீஸ், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம் என்று அலைந்து ஓய்ந்தபின் அவருக்காக ஒரு பக்கம் போட்டாள். படம், பெயர், அம்மாவின் போன் நம்பர்.

பக்கத்தின் அடியில் ஓடும் வருகைக் கணக்கில்தான் அம்மாவின் உயிர் இருந்தது. காய் நறுக்கும்போதும் போனைச் சுவரில் சாய்த்து வைத்திருப்பாள்.

“ஊரே வந்து எட்டிப் பாக்குதுடி. ஒருத்தருக்காவது போன் பண்ண மனசு வருதா பாரு.”

வந்த கூட்டம் போலிக் கூட்டம் என்பது மகளுக்குத் தெரியும். அந்த நெரிசலில் பக்கம் திறக்கவே திணற, அசல் பாட் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. இணையத்தில் தேடினால் அப்பாவின் பக்கம் எங்கேயும் அகப்படவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போலிகளை அடைத்தாள். கணக்கில் மனிதர்களை மட்டும் விட்டாள். பூஜ்யம் காட்டியது.

அம்மா போனும் கையுமாக வந்து நின்றாள். “என்னடி பண்ணித் தொலைச்ச? வந்துட்டிருந்தவங்களை எல்லாம் விரட்டிட்டியா?”

“அவங்க மனுஷங்க இல்லம்மா. மெஷினு.”

“எல்லாமா?”

“எல்லாந்தான்.”

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். “தெரிஞ்சேதான் என்னைப் பாக்க விட்டியா?”

“அதைப் பாத்துதான் நீ சாப்பிடவே ஆரம்பிச்சே...”

“நல்லா இருக்குடி உன் கரிசனம்.”

பிறகு அம்மாவே கேட்டாள்: “நிஜ மெஷினுன்னு ஒண்ணு சொல்வியே, அதுவும் வராதா?”

“இனிமே வரும். எழுதியிருக்கிறதைப் படிச்சிட்டுப் போகும். யாராவது தேடினா நம்ம பக்கத்தைக் காட்டும்.”

“என்ன எழுதியிருக்கே?”

“அப்பா பேரு.”

“அவருக்கே அது தெரியாது. அவரை வச்சிருக்கிறவங்க எந்தப் பேரைப் போட்டுத் தேடுவாங்க?”

கடைக்காரர்களிடம் அவள் தினமும் சொல்வது இதைத்தான்: உங்கள் பெயர் யாருக்குத் தெரியும், தேடுகிறவர் வாயில் என்ன வார்த்தை வரும் என்று யோசியுங்கள். பெற்ற அப்பனுக்காகப் பக்கம் போட்டபோது அவளுக்கே அது தோன்றவில்லை. கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

“சொல்லும்மா.”

“சட்டை பட்டனை ஒண்ணு தள்ளிப் போடுவாரு. யாரைப் பாத்தாலும் மணி என்னம்பாரு. இடது காதுல வெட்டுத் தழும்பு. தட்டுல பாதி சோத்தை ஒதுக்கி வைப்பாரு. யாருக்குன்னு கேட்டா ‘அவளுக்கு’ம்பாரு.” திரையை எட்டிப் பார்த்தாள். “அந்த ‘அவ’ நான்தான்னு எல்லாம் எழுதி வைக்காதே.”

அடுத்தடுத்த வாரங்களில் பக்கம் தேடலில் மெல்ல மேலேறியது. ஒரு மத்தியானம் பூஜ்யம் ஒன்றானது.

“இதுவும் மெஷினா?”

மகள் முகவரியைப் பார்த்தாள். இன்னொரு தடவையும் பார்த்தாள். “ஆளுதாம்மா. கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காங்க. போயிட்டுத் திரும்ப வந்து படிக்கிறாங்க.”

அம்மா போனைச் சார்ஜில் போட்டாள்.

“அவரு செருப்பை எங்கடி வச்சே?” என்றாள்.