பெட்டி அடுக்கும் ஜெபிஷா

என் மனைவி ஜெபிஷா பேசிக்கொண்டிருக்கும்போதே காணாமல் போய்விடுவாள். உடம்பு நாசரேத்தில் எங்கள் வீட்டில்தான் இருக்கும். கண் மட்டும் வானத்து மேகங்களை ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கும். சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்று மாமியார் கையை விரித்துவிட்டார்.

அவளுடைய முனைவர் ஆராய்ச்சியும் அடுக்குவதைப் பற்றித்தான். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களில் எதன் மேல் எதை வைத்தால், எடுக்கும்போது மேலே இருப்பவற்றைக் குறைவாக இடம் மாற்றிப் புரட்ட வேண்டியிருக்கும்? ஆறு வருடம் சென்னையில் உட்கார்ந்து ஒரு கணக்குமுறை கண்டுபிடித்தாள். அதைவிடச் சிறந்த அடுக்கு இருக்கவே முடியாது என்று நிரூபித்தும் விட்டாள். கைதட்டினார்கள், கட்டுரை வந்தது, அதோடு சரி. அது நிஜப் பெட்டி ஒன்றையாவது நகர்த்த வேண்டும் என்ற ஏக்கத்தில், தேடி வந்த கல்லூரி வேலையை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தாள். எனக்குக் கோபம்தான். காட்டலாமென்றால் அவள் இந்த உலகத்தில் இருந்தால்தானே.

முதல் மாதங்கள் கனவாகவே போயின. உப்பளங்களைத் தாண்டும்போது பஸ்ஸில் தூங்கிவிடுவாளாம். தூக்கத்தில் சிவப்பும் நீலமுமாய்ப் பெட்டிகள் சத்தமில்லாமல் மிதந்து வந்து தத்தம் இடத்தில் அமருமாம். அவள் முறையை நிரலாக்கி ஓட்டிய துறைமுகப் பெட்டி யார்டிலும் ஏறக்குறைய அப்படியே நடந்தது.

பிறகு யார்டு நிறைந்தது. லாரிகள் வரிசை மாறி வந்தன. ஒவ்வொரு லாரிக்கும் அவள் நிரல் மொத்த அடுக்கையும் முதலிலிருந்து யோசித்தது. அதுவரை கிரேன் பெட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

"சீக்கிரம் போற பெட்டி மேல இருக்கணும், அவ்வளவுதான். நாலு வரி போதும்" என்றார் கூட வேலை பார்க்கும் அச்யுதன். முடிவை அவளிடமே விட்டார்கள். அவள் இரண்டையும் ஓட்டிப் பார்த்தாள். நாலு வரியில் புரட்டல் கொஞ்சம் கூடியது. ஆனால் கிரேன் காத்திருக்கவில்லை.

ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிவரப் போனேன். ஆபீஸ் ஜன்னலோரம் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"ஏளா, அழுதியா?"

"ஆமா அத்தான். என் முறைய எடுத்துட்டு நாலு வரியப் போட்டுட்டேன். ஆறு வருசத்தையும் நானே அழிச்சிட்டேன்."

இதற்காகவா கல்லூரி வேலையை விட்டாய் என்று நான் கேட்டிருக்கலாம். அவளைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

தூரத்தில் மஞ்சள் வெயிலில் கிரேன் ஒரு பெட்டியை எடுத்தது, வைத்தது, அடுத்ததற்குத் திரும்பியது.

"நான் எழுதுனது இருந்தா இந்நேரம் அது நின்னுருக்கும்" என்றாள். கண்ணைத் துடைக்காமலே பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு அழகாப் போவுது, பாருங்க."