சிவப்பு விளக்கை நட்டுவிட்டுப் போகிறவர்

சிவப்பு விளக்கைத் தண்டவாளத்தின் நடுவில் வைத்து, சாயாமல் இருக்க இரண்டு கல்லை அண்டை கொடுத்துவிட்டு, சிங்கராயர் இன்னொரு லாந்தரோடு இருட்டுக்குள் நடக்கிறார். பின்னால் கூட்ஸ் என்ஜின் புகைந்துகொண்டு நிற்கிறது. வெள்ளைக்கார டிரைவர் துரை இரண்டு தரம் ஊதியாயிற்று. சிங்கராயர் திரும்பிப் பார்ப்பதில்லை. சிவப்பைத் தாண்டி எந்த என்ஜினும் நகரக் கூடாது என்பது ரயில் கம்பெனிச் சட்டம். கம்பெனிச் சட்டங்களில் அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒன்றைத்தான்.

ஆரணிக்கு ரயில் வந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது. ஸ்டேஷனில் நிற்கும் சரக்குப் பெட்டிகளை என்ஜினோடு கோர்க்க, இரவில் விளக்குக் காட்டி வழி சொல்வது சிங்கராயர் வேலை. கையில் ஒரு மூங்கில் தடி இருக்கும். நிற்கிற பெட்டியின் ஒவ்வொரு சக்கரத்தையும் அதனால் தட்டுவார். "யாரு கீறீங்க அடியில? எந்திரிங்க, வண்டி வருது" என்று குனிந்து குரல் கொடுப்பார். பெரணமல்லூரிலிருந்து மல்லாட்டைக் கடலை மூட்டை ஏற்றிவந்த வண்டிக்காரன் ஒருவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வருவான். சில நாள் ஆடு வரும். ஒன்றும் வராத நாளிலும் கடைசிச் சக்கரம் வரை தட்டாமல் அவர் திரும்புவதில்லை. அதன்பிறகுதான் பச்சை.

கம்பெனி கொடுத்த நீலக் கோட்டு இருட்டோடு இருட்டாகப் போய்விடுகிறது என்று, மாதா கோயிலுக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைத் துண்டை அதன்மேல் குறுக்காகக் கட்டியிருக்கிறார். உடுப்பைக் கெடுக்கிறாயே என்று கேட்டால், "சாமிக்குத் தெரியறதுக்கு ஞாயித்துக்கிழம போட்டா போதும். டிரைவருக்குத் தெரியறதுக்கு தெனமும் போடணும்" என்பார்.

இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் அடைக்கலசாமி. சிங்கராயர் முன்பு வேலை பார்த்த ஸ்டேஷனில் கூட்டாளியாக இருந்தவர். அமாவாசை இரவொன்றில் யாரோ தூரத்தில் நின்று பச்சையை ஆட்டிவிட, இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றவர் நசுங்கிப்போனார். விசாரிக்க வந்தவர்கள் 'ஆளின் கவனக்குறைவு' என்று எழுதிக்கொண்டு போனார்கள். "இருட்டுன்னு ஒரு வார்த்த எழுதல பாருங்க. செத்தவன்மேல எழுதிட்டா அவன் எந்திரிச்சி வந்து இல்லன்னா சொல்லப் போறான்?" இதைச் சொல்லும்போது சிங்கராயர் தடியால் எதையாவது தட்டுவார்.

ஸ்டேஷன் மாஸ்டர் மாணிக்கவேல் நல்ல மனிதர். ஆனால் மேலிடத்துக் கடிதத்தை எழுந்து நின்றுதான் படிப்பார். ஆரணியில் தினமும் வண்டி தாமதம் என்று கடிதம் வந்ததும் சிங்கராயரைக் கூப்பிட்டார்.

"நின்ன எடத்துலேர்ந்து பச்சைய ஆட்டு. நடந்துபோய்ப் பாக்கறது உன் வேலையில்ல."

"பாக்காத எடத்துக்கு எப்படிங்க பச்ச காட்றது?"

"காட்டுன்னா காட்டு."

"பாத்துட்டுக் காட்றேங்க" என்றார் சிங்கராயர்.

இந்த மாசியில் ஒரு விடியற்காலை. இன்னும் வெளுக்கவில்லை. இரண்டு பெட்டிகளை முன்னால் தள்ளிக்கொண்டு வந்த என்ஜின், ஓரத்துத் தண்டவாளத்தில் தனியாக நின்ற பெட்டியோடு முட்டிக் கோர்க்க வேண்டும். டிரைவர் துரைக்கு ஜல்தி. "பச்ச காட்டு மேன்" என்று மேலிருந்து கத்தினார். சிங்கராயர் சிவப்பை நட்டுவிட்டு வழக்கம்போல் நடந்தார். கடைசிச் சக்கரத்தைத் தட்டி முடித்து, பெட்டிக்குப் பின்பக்கம் லாந்தரைத் தூக்கினார். முகத்துக்கு நேரே பட்டுப் பாவு, தறியில் ஏற்றுவதற்காக நீளமாக இழுத்துக் கட்டிய இழைகள்.

ஸ்டேஷனை ஒட்டிக் குடியேறிய நெசவுக்காரர் சம்பந்தமும் அவர் மனைவி பொன்னம்மாளும் தண்டவாளத்தின் நடுவில் நின்றிருந்தார்கள். வெயில் ஏறுமுன் பாவை நீட்டி, அறுந்த இழைகளை முடிந்தாக வேண்டும். தெருவில் வண்டிகள் அடைத்துக் கிடந்தன. நேராக, நீளமாக, காலியாக இருந்தது இந்த இடம்தான். பாவின் ஒரு தலைப்பை நட்ட கம்பத்தில் கட்டி, மறு தலைப்பைப் பெட்டியின் கொக்கியிலேயே மாட்டியிருந்தார்கள். விளக்கு இல்லை. பட்டுக்குப் பக்கத்தில் அவர்கள் விளக்கைக் கொண்டுவருவதே இல்லை. நிலா வெளிச்சத்தில் ஆரம்பித்த வேலை. மேகம் மூடிய பிறகும் கைப்பழக்கத்தில் நடந்துகொண்டிருந்தது. என்ஜின் முட்டியிருந்தால் அந்தப் பெட்டி உருண்டு அவர்கள்மேல் ஏறியிருக்கும்.

"வெளக்க அப்பால எட்த்துகினு போங்க. பட்டுல கரி புடிச்சிரும்" என்றாள் பொன்னம்மாள்.

சிங்கராயர் லாந்தரைப் பின்னுக்கு இழுத்தார். "கரி புடிக்கும்னு பாக்கிறியே, பொட்டி மேல ஏறும்னு பாக்கலையாம்மா?"

"பொட்டிதான் நின்னுகினு கீதே" என்றார் சம்பந்தம்.

அவர்கள் பாவைச் சுருட்டி எடுக்கும்வரை சிங்கராயர் பெட்டிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றார். வண்டி பதினாலு நிமிஷம் தாமதமாகப் புறப்பட்டது.

அன்று மாலை மாணிக்கவேல் ஒரு தாளை நீட்டினார். தாமதம் என் குற்றம், இனி நின்ற இடத்திலிருந்தே விளக்குக் காட்டுவேன் என்று அதில் எழுதியிருந்தது. சிங்கராயருக்குப் படிக்கத் தெரியாது. இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அவுங்க ரெண்டு பேரு அங்க நின்னது இதுல கீதாங்க?"

"அத எழுதினா ஆளுங்கள ஏன் உள்ள விட்டன்னு என்னக் கேப்பாங்க. கைநாட்டு வையி, சிங்கராயா. இல்லன்னா வேல போயிடும். இன்னாசியம்மாள நெனச்சிப் பாரு. சோத்துக்கு என்னா செய்வா உன் சம்சாரம்?"

"அடைக்கலசாமி சம்சாரத்தத்தாங்க நெனச்சிகினு கீறேன்."

வெளியே கண்ணமங்கலத்து வண்டி ஊதும் சத்தம் கேட்டது. சிங்கராயர் தாளை வாங்கி நாலாக மடித்தார். சிவப்பு விளக்கின் கண்ணாடியைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த கரியை அந்தத் தாளால் சுற்றிச் சுற்றித் துடைத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, ஓரத்தில் மிச்சமிருந்ததையும் துடைத்தார். கறுத்துப்போன தாளை மாஸ்டரின் மேசைமேல் வைத்துவிட்டு, திரியைப் பற்றவைத்து, தண்டவாளத்தில் இறங்கினார்.